கீமோவுக்குக் காரில் போகிறீர்களா? இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பார்க்கிங் சலுகையைக் கேட்டு வாங்கும் வழி

இங்கிலாந்தில் என்எச்எஸ் என்கிற அரசு மருத்துவச் சேவையின் ஆஸ்பத்திரியில் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் நாம் காசு கட்டுவதில்லை. ஆனால் அதே ஆஸ்பத்திரி வளாகத்தில் காரை நிறுத்தப் பல இடங்களில் காசு கேட்கிறார்கள். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் 2008-லேயே இந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். தனியார் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்ட சில ஆஸ்பத்திரிகளில் மட்டும் இன்னும் பல வருடம் இழுத்தது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளை நடத்தும் அமைப்பான ஒவ்வொரு டிரஸ்ட்டும் தன் கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. சலுகை உண்டு, ஆனால் யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கிறது, கேட்கக் கூச்சப்படுகிறவர் வாரா வாரம் கட்டிக்கொண்டே இருக்கிறார். நம் ஆட்களில் பெரும்பாலானோர் இரண்டாவது ரகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கீமோ கொடுத்தார்கள். வண்டி ஓட்டுவது என் வேலை. நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருப்பவள், படிவமும் விதியும் படித்துப் பழக்கம் உண்டு. அவருக்கோ இதெல்லாம் பிடிக்காது. “சிகிச்சையே சும்மா குடுக்கறாங்க. பார்க்கிங்குக்கும் போய்க் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?” என்றார். “கேட்கத்தாங்க வேணும். இது தர்மம் இல்ல, உங்களை மாதிரி ஆளுக்குன்னே எழுதி வச்ச விதி” என்று சொல்லிவிட்டு, முதல் கீமோவுக்கு முன்பே விசாரித்து வாங்கினேன்.

விதி என்ன சொல்கிறது

இங்கிலாந்து அரசு 2019 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2020 ஏப்ரலில் தொடங்கிப் படிப்படியாக நான்கு வகைப்பட்டவர்களுக்கு என்எச்எஸ் ஆஸ்பத்திரிகளில் பார்க்கிங் இலவசம் என்பது அதன் சாரம். நீல பேட்ஜ் (உள்ளூர் கவுன்சில் தரும் பார்க்கிங் அட்டை) வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிகள், அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய வெளிநோயாளிகள், ராத்தங்கும் நோயாளிக் குழந்தையின் பெற்றோர், இரவு ஷிப்ட் ஊழியர்கள். புற்றுநோயாளிகள் என்று தனியாக ஒரு வகை இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கீமோவுக்குப் போகிறவர் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் நுழைய வேண்டும்.

அந்த இரண்டாவது வகைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 30 நாளுக்குள் குறைந்தது 3 அப்பாயின்ட்மென்ட், அப்படி மொத்தம் குறைந்தது 3 மாதம் வந்துபோக வேண்டும். முழு விஷயமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என் கணவருக்குக் கொடுத்த மருந்துக் கலவைக்கு ஃபோல்ஃபாக்ஸ் என்று பெயர். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை. பிறகு கீமோ நாள். அன்று மருந்து ஏற்றி முடித்ததும், இடுப்பில் மாட்டிக்கொள்ளும்படி ஒரு சின்ன பம்பை இணைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அது 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறும். அதைக் கழற்ற இன்னொரு தடவை போக வேண்டும். கையில் பிக் லைன் (மருந்து ஏற்ற நரம்புக்குள் விட்டிருக்கும் மெல்லிய குழாய்) போட்டிருந்தால், கீமோ இல்லாத வாரத்திலும் அதைக் கழுவிக் கட்டு மாற்ற ஒரு நடை. ஆக, இரண்டு வாரத்துக்கே மூன்று நான்கு நடை. 30 நாளில் 3 என்ற எண்ணிக்கையைச் சுலபமாகத் தாண்டிவிடும், ஆறு மாதச் சிகிச்சை என்பதால் 3 மாத நிபந்தனையும் சரி.

ஆனால் பலர் “இரண்டு வாரத்துக்கு ஒரு கீமோ, மாதத்துக்கு இரண்டு தடவைதானே வருகிறோம்” என்று எண்ணி, தங்களுக்குத் தகுதி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வருவதும் அப்பாயின்ட்மென்ட்தான். பம்பு கழற்றுவது, பிக் லைன் கழுவுவது, டாக்டரைப் பார்ப்பது, ஸ்கேன், எதையும் விடாமல் எண்ணுங்கள். சில ஊர்களில் பம்பைக் கழற்ற நர்ஸ் வீட்டுக்கே வருவார். அது மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

கதிர்வீச்சுக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்த விதி இடிக்கிறது. எங்கள் அடுத்த தெருவில் இருக்கும் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். இப்போதெல்லாம் மார்பகத்துக்குப் பலருக்கும் ஒரே வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சோடு முடித்துவிடுகிறார்கள். சிலருக்கு மூன்று வாரம், பதினைந்து நாள். தினமும் போக வேண்டும், களைப்பும் அதிகம். ஆனால் 3 மாதம் ஆகவில்லை என்பதால் விதியின் எழுத்துப்படி அவர் உள்ளே வரமாட்டார். எனக்கு இது நியாயமாகவே படவில்லை. தினசரி வருகிறவரை விட்டுவிட்டு மாதக்கணக்கைப் பார்ப்பது எந்த ஊர் கணக்கு?

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கதிர்வீச்சை மட்டும் தனியாக எண்ணாதீர்கள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைகள், கீமோ, அதன்பின் கதிர்வீச்சு என்று ஒரே தொடராக இருந்தால் மொத்தத்தையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். இரண்டு, பல டிரஸ்ட்டுகள் அரசு விதிக்கு மேலே தாங்களாகவே புற்றுநோய்ப் பிரிவுக்கு ஒரு சலுகை வைத்திருக்கின்றன. சில இடத்தில் கீமோவுக்கும் கதிர்வீச்சுக்கும் வருபவருக்கு முழு இலவசம், சில இடத்தில் குறைந்த கட்டணத்தில் வாரப் பாஸ். அக்காவுக்கு அப்படித்தான் கிடைத்தது. கதிர்வீச்சுப் பிரிவின் ரிசெப்ஷனில் கேட்டதும் அங்கேயே ஒரு திரையில் கார் நம்பரைப் பதிந்துகொண்டார்கள். மெயின் ரிசெப்ஷனில் கேட்டபோது “அப்படி எதுவும் இல்லை” என்றுதான் பதில் வந்தது. ஒரே கட்டடம், இரண்டு பதில். அதனால் ஓர் இடத்தில் இல்லை என்று சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது

உங்களுக்கென்று ஒரு சிறப்பு நர்ஸை ஒதுக்கியிருப்பார்கள். சி.என்.எஸ் அல்லது கீ வொர்க்கர் என்று சொல்வார்கள். அவருடைய பெயரும் போன் நம்பரும் முதல் சந்திப்பில் கொடுத்த அட்டையில் இருக்கும். சிகிச்சைத் திட்டம் முடிவானதும் முதலில் அவருக்குப் போன் செய்யுங்கள். “பார்க்கிங் இலவசமா?” என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்ற பதில் சீக்கிரம் வந்துவிடும். “ஃப்ரீக்வென்ட் அவுட்பேஷண்ட் பார்க்கிங் கன்செஷன்” என்ற வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். கூடவே “ஆன்காலஜி பேஷண்ட்டுக்குத் தனி கன்செஷன் இருக்கிறதா?” என்றும் கேளுங்கள். விதியின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அவர்கள் போய் விசாரித்தாவது சொல்வார்கள்.

வழக்கமாக நர்ஸோ வார்டு கிளார்க்கோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அதையும் அப்பாயின்ட்மென்ட் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு கார் பார்க் ஆபீஸுக்குப் போக வேண்டும். பல இடங்களில் அந்த ஆபீஸ் செக்யூரிட்டி அறையோடு சேர்ந்து இருக்கும், மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். கீமோ நாளன்று மருந்து ஏறும் நேரத்தில் கூட வந்தவர் போய்விட்டு வந்துவிடலாம் என்றால் சரி. தனியாக வருகிறவர் என்றால், அதற்கு முந்தைய ரத்தப் பரிசோதனை நாளில் இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. கீமோ முடிந்த உடம்போடு அந்த அறையைத் தேடி அலைய முடியாது.

அங்கே சில விஷயங்களைக் கேட்டு, பதிலை எழுதியே வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை? வளாகத்தில் எந்தெந்த கார் பார்க்கில் செல்லும்? ஒரு காருக்கு மட்டுமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். எங்கள் வீட்டில் சில நாள் நான் ஓட்டுவேன், நான் வேலைக்குப் போகிற நாளில் மகன் ஓட்டுவான். இரண்டு நம்பரையும் முதலிலேயே பதிந்துகொண்டோம். நண்பர் யாராவது அழைத்துப் போவதாக இருந்தால் அவர் காரையும் சொல்லிவையுங்கள். ஏற்கெனவே சில வாரம் காசு கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதுகளைக் காட்டித் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். கட்டாயம் தருவார்கள் என்று இல்லை, கேட்பதில் நஷ்டமும் இல்லை.

நம்பர் பிளேட்டைப் பதியும்போது ஒரு சின்ன விஷயம். இப்போதைய பிளேட்டில் மூன்றாவது, நான்காவது இடங்களில் வருவது எப்போதும் எண்தான். அங்கே ‘ஓ’ போலத் தெரிவது பூஜ்யம். திரையில் எழுத்தைத் தட்டிவிட்டால் நுழைவாயில் கேமரா படித்த நம்பரும் பதிந்த நம்பரும் பொருந்தாது, இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குக் காகிதம் வரும்.

பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபோல்ஃபாக்ஸில் இருக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறிய சில நாளுக்குக் குளிர் தாங்காது. குளிர்ந்த காற்று பட்டால் தொண்டை அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். ஜனவரி மாதம் கார் பார்க் மெஷினின் இரும்புப் பொத்தானைத் தொட்டதும் என் கணவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ஊசி குத்தியதுபோல் இருந்ததாம். அதன்பிறகு கம்பளிக் கையுறை இல்லாமல் அவர் காரைவிட்டு இறங்கியதே இல்லை. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டத்தில் போகாதே என்று டாக்டரே சொல்கிறார். இப்படிப்பட்டவர் பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியுமா? கார் இவர்களுக்குச் சொகுசு இல்லை.

சலுகை கிடைக்கவில்லை என்றால்

முதல் விஷயம், எந்த டிக்கெட் எடுப்பது என்பது. கீமோ நாளின் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும், டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும், பிறகு பார்மசியில் மருந்தைக் கலக்க வேண்டும். இதில் எங்கே தாமதமானாலும் மதியம் முடிய வேண்டியது சாயங்காலம் ஆகும். வெளியே போகும்போது காசு கட்டும் கார் பார்க் இருந்தால் அங்கே நிறுத்துங்கள். முன்கூட்டியே கட்டுவதுதான் ஒரே வழி என்றால் நாள் முழுவதற்குமான டிக்கெட்டை எடுப்பது நல்லது. வாரப் பாஸ் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கதிர்வீச்சுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

அப்புறம், வருமானம் குறைந்தவர்களுக்கு ஹெல்த்கேர் டிராவல் காஸ்ட்ஸ் ஸ்கீம் என்று ஒன்று இருக்கிறது. இது முற்றிலும் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பஸ், ரயில் செலவு, காரில் போனால் பெட்ரோலுக்கு மைல் கணக்கில் ஒரு தொகை, தவிர்க்க முடியாத பார்க்கிங் கட்டணம் எல்லாம் இதில் திரும்பக் கிடைக்கும். வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டில் கேரண்டி கிரெடிட் என்ற பகுதியை வாங்குபவர்கள் இதற்குத் தகுதி பெறுவார்கள். வேலை செய்யும் வயதினருக்கான அரசு உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட் வாங்குபவர்களுக்கு ஒரு சம்பள வரம்பு உண்டு: கடந்த கணக்கு மாதத்தில் 435 பவுண்டுக்குள், குழந்தைக்கான தொகையோ உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாததற்கான பிரிவோ அதில் சேர்ந்திருந்தால் 935 பவுண்டுக்குள்.

இந்த உதவித்தொகை எதுவும் வாங்காதவர்களும் விட்டுவிட வேண்டாம். சேமிப்பு 16,000 பவுண்டுக்குள் இருந்தால் எச்.சி.1 படிவத்தை நிரப்பி அனுப்பலாம். வருமானத்தைப் பார்த்து எச்.சி.2 சான்றிதழ் வந்தால் முழு உதவி, எச்.சி.3 வந்தால் ஒரு பகுதி. கீமோ தொடங்கிச் சம்பளம் பாதியான குடும்பங்கள் பல இதில் வரும். முன்பு நன்றாகச் சம்பாதித்தவர்களுக்கு இப்படி ஒன்று தங்களுக்கும் பொருந்தும் என்றே தோன்றுவதில்லை.

பணம் வாங்கும் முறை எளிது. அப்பாயின்ட்மென்ட் கடிதம், ரசீது, உதவித்தொகைக் கடிதம் அல்லது சான்றிதழ் மூன்றையும் ஆஸ்பத்திரி கேஷியர் ஆபீஸில் காட்ட வேண்டும். கேஷியர் இல்லாத இடத்தில், அல்லது அன்றைக்கு முடியாவிட்டால், பயணச் செலவுக்கான HC5(T) என்ற படிவத்தைத் தபாலில் அனுப்பலாம். அப்பாயின்ட்மென்ட் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். டாக்ஸியில் போனால் முன்கூட்டியே ஆஸ்பத்திரியின் ஒப்புதல் வேண்டும். துணைக்கு ஆள் தேவை என்று டாக்டரோ நர்ஸோ சொன்னால் துணைக்கு வருபவரின் பயணச் செலவையும் கேட்கலாம். மெஷின் ரசீது வெயில் பட்டால் வெளுத்துவிடும், எடுத்தவுடன் போனில் படம் எடுத்து வையுங்கள்.

விசாவை நினைத்துத் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அரசு உதவி வாங்கக்கூடாது என்ற நிபந்தனை உள்ள விசாக்களில் யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட், பிப் (நீண்டகால உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகை) போன்றவைதான் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆஸ்பத்திரி தரும் பார்க்கிங் சலுகை அதில் இல்லை. பிள்ளைகளோடு இருக்க ஊரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பெற்றோர் விஷயத்தில் இந்தப் பயம் அதிகம்.

மத்திய லண்டனில் கய்ஸ், செயின்ட் தாமஸ், பார்ட்ஸ் போன்ற ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்களுக்குப் பார்க்கிங்கோடு, நகர மையத்துக்குள் கார் ஓட்டுவதற்கான கன்ஜெஷன் சார்ஜும் சேரும். 2026 ஜனவரியிலிருந்து ஒரு நாளுக்கு 18 பவுண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், தொடர்ந்து சிகிச்சை எடுப்பவர் ஆகியோரில், பஸ்ஸிலும் ரயிலிலும் வர முடியாத நிலை என்று ஆஸ்பத்திரி மதிப்பிட்டவர்களுக்கு இது திரும்பக் கிடைக்கும். முதலில் நாம் கட்டிவிட வேண்டும், பிறகு ஆஸ்பத்திரியிடம் கேட்க வேண்டும். கட்டாமல் விட்டால் அபராதம்தான் வரும். பழைய காராக இருந்து, புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணம் 12.50 பவுண்டும் கட்டினால் அதையும் சேர்த்தே கேளுங்கள்.

நீல பேட்ஜைப் பற்றி அதிகம் நம்பிக்கை கொடுக்க மாட்டேன். புற்றுநோய் என்பதாலேயே அது கிடைக்காது. நடக்க முடியாத நிலை நீண்ட காலம் நீடிக்குமா என்று கவுன்சில் பார்க்கும். கீமோ முடிந்தால் சரியாகிவிடும் களைப்புக்குப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். பிப்பில் நடமாட்டத்துக்கு 8 புள்ளி அல்லது அதற்குமேல் இருந்தால் தானாகவே தகுதி. நோய் முற்றிய நிலையில் இருப்பவர்களின் விண்ணப்பத்தைச் சில கவுன்சில்கள் விரைவாகப் பார்க்கின்றன, அதற்கு நர்ஸைக் கேளுங்கள். கட்டணம் 10 பவுண்டுக்குமேல் இல்லை. பேட்ஜ் ஆளுக்கானது, காருக்கானது அல்ல. அதனால் யார் காரில் போனாலும் செல்லும்.

வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால்

கோயிலில் பழக்கமான ஒரு தம்பதிக்கு இப்படி வந்தது. நான்கு மணி நேரத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். பார்மசியிலிருந்து மருந்து வரவே மதியம் தாண்டிவிட்டது. கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய் மெஷினில் காசு போடவா முடியும்? மூன்றாவது வாரம் தனியார் பார்க்கிங் கம்பெனியிடமிருந்து கடிதம். அந்த அம்மா பயந்துபோய்க் கட்டிவிடலாம் என்றார்.

கட்ட வேண்டாம் என்றேன். தனியார் கம்பெனி அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். அது கோர்ட் போட்ட அபராதம் இல்லை, மறுக்க உரிமை உண்டு. 28 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். என்எச்எஸ் பார்க்கிங் பற்றிய அரசு வழிகாட்டலிலேயே, சிகிச்சை நினைத்ததைவிட நீண்டுபோனதால் நேரம் தாண்டியிருந்தால் கூடுதல் கட்டணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கீமோ யூனிட்டில் கேட்டு, எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு விடப்பட்டார் என்று ஒரு கடிதம் வாங்கினோம். டிக்கெட்டின் படம், அப்பாயின்ட்மென்ட் கடிதம், இந்தக் கடிதம் மூன்றையும் வைத்து நாலே வரியில் எழுதினோம். அழுகையும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். நேரம், காரணம், வழிகாட்டலில் உள்ள வரி, அவ்வளவு போதும். அதே நாளில் ஆஸ்பத்திரியின் பேல்ஸ் ஆபீஸுக்கும் ஒரு நகல் அனுப்பினோம். நோயாளிகளின் குறைகளைக் கேட்பதற்கென்றே இருக்கும் பிரிவு அது. நோட்டீஸை ரத்து செய்யும்படி ஆஸ்பத்திரியே கம்பெனியிடம் சொல்ல முடியும். ரத்தானது.

கம்பெனி மறுத்திருந்தால் அடுத்த படியாகப் பாப்லா அல்லது ஐ.ஏ.எஸ் என்ற மேல்முறையீட்டு அமைப்புக்கு இலவசமாகப் போகலாம். எது என்பது கம்பெனி எந்தச் சங்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது, மறுப்புக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். எதுவும் எழுதாமல் கடிதத்தை மேசை டிராயரில் போட்டு மறந்துவிடுவது மட்டும் கூடாது.

இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியவில்லை என்றால், புற்றுநோயாளிகளுக்கு உதவும் தொண்டு நிறுவனமான மேக்மில்லனின் உதவி எண் 0808 808 00 00. ஆங்கிலம் தயங்கினால் “தமிழ்” என்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். ஆஸ்பத்திரி வளாகத்தில் மேகீஸ் சென்டர் (புற்றுநோயாளிகளுக்கு உதவும் இன்னொரு தொண்டு நிறுவனத்தின் இடம்) இருந்தால் உள்ளே போய் உட்காருங்கள். உதவித்தொகைப் படிவங்களை நிரப்பித் தர ஆள் இருப்பார். அப்பாயின்ட்மென்ட் தேவையில்லை. நார்த்வுட்டில் மவுண்ட் வெர்னன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அதே வளாகத்தில் இருக்கும் லிண்டா ஜாக்சன் மேக்மில்லன் சென்டரில் விசாரிக்கலாம்.

பாஸ் கையில் வந்ததும் அது முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். ரத்த அணுக்கள் குறைந்தால் கீமோவை ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள், சில தடவை இப்படித் தள்ளினாலே சிகிச்சை பாஸைத் தாண்டிப் போய்விடும். தள்ளிப்போன அன்றே நர்ஸிடம் சொன்னால் நீட்டித்துத் தருவார்கள். சிகிச்சை முடிந்தபின் சில மாதத்துக்கு ஒருமுறை வரும் ஸ்கேனுக்கும் செக்கப்புக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. அப்போது டிராவல் காஸ்ட்ஸ் ஸ்கீம்தான் கைகொடுக்கும். எச்.சி.2 சான்றிதழின் காலமும் முடிந்திருக்கலாம் என்பதால், ஸ்கேன் தேதி வந்ததும் அதையும் எடுத்துப் பாருங்கள்.